பழைய கம்பி பிரேக் சைக்கிளை மீட்டெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய சைக்கிள் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை, அதைப் பெயின்ட் அடிக்கக் கொடுப்பது. உண்மையில் அது கடைசியாக யோசிக்க வேண்டிய வேலை. பல சைக்கிள்களுக்கு அது தேவையே இல்லை. பால்ரஸ் (அச்சைச் சுற்றி உருளும் இரும்புக் குண்டுகள்), கோன் (அவை உருளும் கூம்பு நட்டு), காட்டர் பின் (பெடலைத் தாங்கும் கையான கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு ஆணி), செயின், பிரேக் கட்டை, டியூப் எல்லாம் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. தேய்ந்தால் புதிது போடலாம். ஆனால் மட்கார்டில் கையால் எழுதிய பெயர், பிரேமில் ஓடும் தங்கக் கோடு, வருடக்கணக்காகக் கால் உரசி மினுமினுக்கும் இடம் ஆகியவை ஒருமுறை போனால் போனதுதான். ஓட்டத்தைப் புதிதாக்குங்கள், தோற்றத்தைக் காப்பாற்றுங்கள். கீழே வரும் ஒவ்வொரு வேலையும் இந்தக் கணக்கில்தான் சொல்லப்படுகிறது.

இங்கே பேசுவது 28 அங்குலச் சக்கரமும், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இயங்கும் கம்பி பிரேக்கும் காட்டர் பின் கிராங்கும் உள்ள கறுப்பு சைக்கிளைப் பற்றி. வேறு வகைப் பழைய சைக்கிளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் பேச்சு, பிறகு ஸ்பேனர்

சைக்கிள் ஒரு குடும்பத்துடையதோ, ஒரு பள்ளி, நூலகம், சங்கத்துடையதோ, அதை இனி எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பார்வைக்கு வைக்க, எப்போதாவது ஓட்ட, தினமும் ஓட்ட என மூன்று நிலைகள் உண்டு. மூன்றுக்கும் வேலை வேறு. பார்வைக்கு வைப்பதானால் வெடித்த பழைய டயரும் கிழிந்த சீட்டும் அப்படியே இருக்கலாம். தினமும் ஓட்டுவதானால் டயர், பிரேக் கட்டை, காட்டர் பின், செயின் நான்கையும் பார்க்காமலே மாற்றிவிடுங்கள். பலருக்குச் சொந்தமான பொருள் என்றால், முடிவு சொல்ல ஒருவரை மட்டும் நியமிக்கச் சொல்லுங்கள். பாதி வேலையில் 'பளபளவென்று ஆக்குங்கள்' என்று ஒருவரும் 'எதையும் தொடாதீர்கள்' என்று இன்னொருவரும் சொன்னால் சைக்கிள் அரைகுறையாக மூலையில் நிற்கும்.

அடுத்தது படம் எடுப்பது. நான்கு பக்கமும் முழுப்படம், பிறகு ஒவ்வொரு மூட்டையும் கிட்டத்தில். மிக முக்கியம் பிரேக் கம்பிகள். எந்தக் கம்பி எந்தக் கிளிப்பில் எந்தப் பக்கமாக நுழைகிறது என்பது கழற்றிய பிறகு யாருக்கும் நினைவிருக்காது. எழுத்து, கோடு, கம்பெனி முத்திரை இருக்கும் இடங்களில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். பிற்பாடு அதே அளவில் வரைய நேர்ந்தால் அது உதவும். பிரேம் எண் பெரும்பாலும் சீட் குழாய் மூட்டிலோ பெடல் அச்சுக் கூட்டின் அடியிலோ வெட்டப்பட்டிருக்கும். ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் ஏடபிள்யூ மூன்று கியர் ஹப் (சக்கரத்தின் நடுக்கூடு) இருந்தால் அதன் கூட்டில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறித்திருக்கும். '65' என்றிருந்தால் ஹப் 1965இல் செய்தது. சைக்கிளின் வயதைக் கணிக்க இது நல்ல தடயம். ஹப்பை இடையில் யாராவது மாற்றியிருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

பிரேம் தேறுமா என்று பார்த்தல்

மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம். பிரேம் போனால் அது வேறு சைக்கிள். அதனால் கழற்றும் முன்பே இதைப் பாருங்கள்.

ஹேண்டில் குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கம் விரலால் தடவுங்கள். அங்கே பெயின்ட் சுருங்கி, குழாய் மெல்லப் புடைத்திருந்தால் வண்டி எதன் மீதோ நேராக மோதியிருக்கிறது. ஃபோர்க்கையும் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். அதன் கால்கள் மேலிருந்து நேராக இறங்கி, அடியில் மட்டும் முன்னோக்கி வளைய வேண்டும். மேலேயே பின்னோக்கி மடிந்திருந்தால் மோதிய ஃபோர்க்.

அடுத்து நூல் சோதனை. பின்சக்கர அச்சு உட்காரும் இடது காதில் நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி வலது காதுக்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 1, 2 மி.மீ. வித்தியாசம் பழைய பிரேமில் சகஜம். 3 மி.மீ.க்கு மேல் போனால் பிரேம் திருகியிருக்கிறது, அதை நிமிர்த்தத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

பெடல் அச்சுக் கூட்டின் அடியும், பின்பக்கக் கீழ்க்குழாய்கள் அதோடு சேரும் இடமும் தண்ணீர் தேங்கும் இடங்கள். திருப்புளி முனையால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மந்தமாகி முனை பதிந்தால் குழாய் உள்ளிருந்து அரித்திருக்கிறது. வெடிப்பு பெரும்பாலும் குழாய்ச் சந்திப்பின் விளிம்பில் தலைமுடி போலத் தெரியும். துணியால் துடைத்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்தபின் சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து கோடாக நிற்கும்.

கழற்றுதல்

துருப்பிடித்த எல்லா நட்டு, போல்ட்டுகளுக்கும் முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். அசிட்டோனும் தானியங்கி கியர் எண்ணெயும் சம அளவு கலந்தால் நன்றாக ஊடுருவும். ஆனால் அசிட்டோன் பெயின்டைக் கரைக்கும். எனவே பெயின்ட் உள்ள இடங்களுக்கு வழக்கமான துரு எண்ணெயையே விடுங்கள். இவற்றை நெருப்பு அருகில் வைக்காதீர்கள்.

கழற்றிய வாஷர், நட்டுகளை வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து முனையை மடக்கிவிடுங்கள். டப்பாவில் போட்டால் வரிசை போய்விடும். 'முன் ஹப், இடப்பக்கம்' என்று சீட்டு எழுதிக் கட்டுங்கள்.

*பெடல்:* இடது பெடலுக்கு எதிர் மரை. குழம்பாமல் இருக்க ஒரு வழி உண்டு. எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரைப் பெடல் அச்சில் செங்குத்தாக நிறுத்தி, மேல்முனையைப் பின்சக்கரத்துப் பக்கம் தள்ளினால் கழலும்.

*ஹேண்டில்:* மேலே உள்ள போல்ட்டை நான்கைந்து சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்றிவிட்டால் உள்ளிருக்கும் ஆப்பைத் தட்ட வழியிருக்காது. தளர்த்திய போல்ட் தலைமேல் மரத்துண்டு வைத்துத் தட்டினால் ஆப்பு இறங்கி ஹேண்டில் விடுபடும். பிரேக் கம்பிகளை அதற்கு முன்பே பிரித்திருக்க வேண்டும்.

*சீட் பில்லர்:* இறுகிப் போயிருந்தால் கிளாம்ப் போல்ட்டை முழுதாக எடுத்து, மேலிருந்து எண்ணெய் விட்டு ஓரிரு நாள் வையுங்கள். பிறகு சீட்டையே பிடியாக வைத்து இடமும் வலமும் திருப்புங்கள். நேராக மேலே இழுப்பதில் பயனில்லை. திருகினால்தான் துரு உடையும்.

*காட்டர் பின்:* பலர் தோற்கும் இடம் இது. நட்டை இன்னும் கழற்றாமல், பின்னின் முனையோடு சமமாக நிற்கும் வரை மட்டும் தளர்த்துங்கள். அது மரையைக் காக்கும். கிராங்கின் அடியில், பின்னின் தலை உள்ளே இறங்க இடம் விட்டு, கனமான இரும்புக் குழாய் ஒன்றைத் தரையில் இருந்து முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடியின் வேகம் எல்லாம் டயரும் பால்ரஸும் வாங்கிக்கொள்ளும், பால்ரஸ் உட்காரும் கிண்ணமான கப்பில் குழி விழும். பிறகு ஒரு கிலோ அளவுள்ள சுத்தியலால் ஒரே நேரான பலத்த அடி. சின்னச் சுத்தியலால் பத்துத் தட்டு தட்டினால் பின்னின் முனை காளான் போல விரிந்து, ஓட்டையிலேயே மாட்டிக்கொள்ளும். அப்படி ஆகிவிட்டால் விரிந்த முனையை அறுத்து, நடுவில் புள்ளி குத்தி, 5 மி.மீ. டிரில்லில் தொடங்கித் துளையிட்டு எடுப்பதே வழி. எடுத்த பின்னை மறுபடி போடாதீர்கள்.

*பெடல் அச்சு:* இடப்பக்கக் கப்பைக் கழற்றுங்கள். வலப்பக்கக் கப் எதிர் மரையில் இறுக்கி வைத்தது. அதில் குழி இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடுங்கள், இடப்பக்கத்திலிருந்து துணி விட்டுச் சுத்தம் செய்தால் போதும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் மரையைக் கவனியுங்கள். பெரும்பாலான ஆங்கிலேய முறைப் பிரேம்களில் அங்குலத்துக்கு 24 மரை. பழைய ராலே கம்பெனிப் பிரேம்களில் 26. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தவறான கப்பை வலுக்கட்டாயமாக ஏற்றினால் பிரேமின் மரையே போய்விடும். பழைய கப்பை எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

துரு எடுத்தல்

மேல்துருவுக்கு அமிலம் வேண்டாம். குரோம் பூசிய ஹேண்டிலையும் ரிம்மையும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமைவிட மிருதுவானது, கீறாது. உப்புத்தாளை குரோம் மீது வைக்கவே கூடாது. குரோம் மிக மெல்லிய பூச்சு, நான்கு இழுப்பில் அடியிலுள்ள நிக்கல் தெரியும்.

ஆழமான துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம். பிளாஸ்டிக் தொட்டி மட்டுமே. கையுறை, கண்ணாடி கட்டாயம், தூளைக் கலக்கும்போது முகமூடியும் வேண்டும். இது நஞ்சு. பொருளை முதலில் சோப்பு போட்டு எண்ணெய்ப்பிசுக்கு நீக்குங்கள். பிசுக்கு இருக்கும் இடத்தில் அமிலம் பிடிக்காது, திட்டுத்திட்டாக நிற்கும். அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கரைசல் அதிகக் காட்டமாக இருந்தாலோ நெடுநேரம் விட்டாலோ மஞ்சள் படிவு ஒட்டிக்கொள்ளும், அதை எடுப்பது தனி வேலை. துரு போனதும் தண்ணீரில் அலசி, லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த நீரில் முக்கி, மறுபடி அலசி, உடனே சூடான காற்றிலோ வெயிலிலோ காயவைத்து எண்ணெய் தடவுங்கள். கால் மணி தாமதித்தால் புதுத் துரு செம்மஞ்சளாகப் பூக்கும்.

அமிலத்தில் போடக்கூடாதவை: சீட் ஸ்பிரிங், பிரேக் ஸ்பிரிங், செயின், பால்ரஸ், கோன், காட்டர் பின். கடினப்படுத்திய எஃகுக்குள் அமிலத்தின் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். பாரம் ஏறும்போது ஒடியும். இவற்றை மண்ணெண்ணெயும் பித்தளை பிரஷ்ஷும் கொண்டு கையால்தான் துடைக்க வேண்டும்.

குரோம் இல்லாத தடிமனான சாதாரண இரும்புப் பாகங்களுக்கு மின்பகுப்பு நல்ல முறை. 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் சார்ஜர். துருப்பிடித்த பொருள் எதிர்முனையில், வேண்டாத இரும்புத் தகடு நேர்முனையில். நேர்முனைக்கு எவர்சில்வர் வைக்காதீர்கள், அதிலிருந்து வரும் குரோமியச் சேர்மம் கொடிய நஞ்சு. ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள். கம்பியைத் தொடும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

பெயின்ட்டும் கோடும்

பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. காய்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். குழந்தைகள் இருக்கும் இடத்தில் இந்த வேலை வேண்டாம்.

முதலில் வெதுவெதுப்பான நீரும் மென்சோப்பும். பிறகு மெல்லிய பருத்தித் துணியில் மண்ணெண்ணெய் தொட்டு, ஒரு சாண் ஒரு சாணாகப் பிசுக்கை எடுங்கள். தங்கக் கோடும் முத்திரையும் பெயின்ட் மீது ஒட்டிய மெல்லிய படலம். தின்னர், ஸ்பிரிட் பட்டால் நொடியில் கரையும். மண்ணெண்ணெயையும்கூட மறைவான ஓரிடத்தில், காது குடையும் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் பொன்னிறமோ சிவப்போ ஏறினால் அந்த இடத்தில் ஈரத்துணிக்கு மேல் எதுவும் வேண்டாம்.

பெயின்டுக்கு நடுவே கிளம்பிய துருப்புள்ளிகளை எண்ணெயில் நனைத்த மிக நைசான இரும்புப் பஞ்சால், புள்ளி அளவுக்கு மட்டும் தேயுங்கள். நான்கு பூஜ்ய ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். முழுக்கச் சுத்தமானதும் இரண்டில் ஒன்று செய்யலாம். ஒன்று, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லியதாகப் பூசித் துடைப்பது. பெயின்ட் பெரும்பாலும் நிற்கும் சைக்கிளுக்கு இதுவே சிறந்தது, எப்போது வேண்டுமானாலும் நீக்கிவிடலாம். இன்னொன்று, வெறும் இரும்பு நிறையத் தெரியும் பிரேமுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். துணியால் தடவி, 15 நிமிடம் கழித்து மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் பிசுபிசுப்பாகவே நின்று தூசியை இழுக்கும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

முழுப் பெயின்ட் அடிப்பது எப்போது சரி? பிரேமைப் பற்றவைக்க நேர்ந்தால். அல்லது மூலப் பெயின்டே இல்லாமல், மேலே யாரோ அடித்த பூச்சு மட்டும் உரிந்து நின்றால். அப்போதும் பவுடர் கோட்டிங்கைத் தவிர்ப்பதே நல்லது. அது தடிப்பாக உட்கார்ந்து குழாய்ச் சந்திப்புகளின் கூரான விளிம்பை மழுக்கும், மரைகளை அடைக்கும். எனாமல் அடிப்பதானால் மரைகளையும் கப் உட்காரும் இடங்களையும் அடைத்துவிட்டு, எண் வெட்டிய இடத்தில் ஒரே மெல்லிய பூச்சோடு நிறுத்துங்கள்.

ஓவராயில்: பால்ரஸும் கோனும்

பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரக்குச்சியால் சுரண்டி, துணியால் உலர்த்துங்கள். இனி கோனை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பால்ரஸ் ஓடிய தடம் மங்கலான பளபளப்பு வளையமாக இருந்தால் நல்ல கோன். அந்தத் தடத்தின் மீது பேனா முனையை மெல்ல இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத குழியிலும் முனை தடுக்கும். தடுக்கினால் கோனை மாற்றுங்கள். குழி விழுந்த கோனில் எத்தனை நல்ல கிரீஸ் வைத்தாலும் சில மாதத்தில் கப்பையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பால்ரஸைப் பழையதும் புதியதும் கலந்து போடாதீர்கள். பழையது நூலளவு தேய்ந்திருக்கும், பாரம் முழுக்கப் புதிய ஒன்றிரண்டு மேல் விழும், அவை கோனைக் கொத்தும். ஒரு ஹப்புக்கு மொத்தமாக, ஒரே பெட்டியிலிருந்து மாற்றுங்கள். வழக்கமான அளவுகள் இவை:

- முன் ஹப்: பக்கத்துக்கு 10, அளவு 3/16 அங்குலம்
- பின் ஹப்: பக்கத்துக்கு 9, அளவு 1/4 அங்குலம்
- பெடல் அச்சு: பக்கத்துக்கு 11, அளவு 1/4 அங்குலம்

ஹெட் கப்பிலும் (ஹேண்டில் குழாயின் இரு முனைகளில் உள்ள கப்) பெடலிலும் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கழற்றும்போது கீழே துணி விரித்து எண்ணிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சில விழுந்துபோயிருக்கலாம் என்பதால் எண்ணை மட்டும் நம்பாமல், கப்பை நிரப்பிப் பாருங்கள். எல்லாம் உட்கார்ந்த பின் ஒரு பால்ரஸுக்குக் குறைவான இடைவெளி மிஞ்ச வேண்டும்.

கப்பில் கிரீஸ் வைத்து, பால்ரஸைப் பதித்து, மேலே இன்னொரு பூச்சு. ஹப் நடுவில் மூடியுள்ள எண்ணெய்த் துளை இருந்தால் அதை அடைக்காதீர்கள், மூடியைத் தொலைக்காதீர்கள். அது அந்தக் காலத்து அமைப்பின் ஒரு பகுதி.

கோன் சரிபார்ப்பது பொறுமையான வேலை. ஆட்டம் நிற்கும் வரை இறுக்கி, பூட்டு நட்டை இறுக்கியதும் கோன் கொஞ்சம் கூடவே நகரும். அதனால் முதலில் இம்மியளவு தளர்வாக விட்டுத்தான் பூட்ட வேண்டும். சரியாக அமைந்ததா என்று அறிய, சக்கரத்தை வண்டியில் மாட்டி, வால்வு பக்கவாட்டில் இருக்கும்படி நிறுத்தி விட்டுவிடுங்கள். வால்வின் எடைக்கே சக்கரம் மெல்ல இறங்கி, முன்னும் பின்னும் ஆடி, வால்வு அடியில் வந்து நிற்க வேண்டும். பாதியில் நின்றால் கோன் இறுக்கம். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் டொக்கென்றால் தளர்வு.

ஹேண்டில் நேராக இருக்கும்போது மட்டும் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால், ஹெட்டின் கீழ்க்கப்பில் குழி வரிசை விழுந்திருக்கிறது. புதிய கப் கிடைக்காவிட்டால், ஃபோர்க் மேல் உட்காரும் வளையத்தைத் தட்டி எடுத்துச் சற்றே திருப்பி உட்காரவைத்து, புதிய பால்ரஸ் போடுங்கள். மேல்குழியும் கீழ்க்குழியும் நேருக்கு நேர் சந்திக்காததால் பெரும்பாலும் தொல்லை தீரும்.

சக்கரம்

டயரைக் கழற்றியதும் ரிம்மின் உட்பக்கத்தைப் பாருங்கள். ஸ்போக்ஸ் ஓட்டைகளைச் சுற்றித் துரு செதில் செதிலாக எழும்பி, திருப்புளி உள்ளே போனால் அந்த ரிம் ஓட்டத்துக்கு ஆகாது.

கோட்டம் எடுக்கும் முன் ஒவ்வொரு நிப்பிளிலும் (ஸ்போக்ஸை ரிம்மில் பிடிக்கும் குட்டி நட்டு) ஸ்போக்ஸ் நுழையும் இடத்திலும், ரிம் ஓட்டையின் உள்ளிருந்தும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் வையுங்கள். மாட்டிய நிப்பிளை வலிந்து திருப்பினால் ஸ்போக்ஸ் முறுக்கி அறும். ரிம் இடது பக்கம் சாய்ந்திருந்தால் அங்கே வலப்பக்க ஸ்போக்ஸைக் கால் சுற்று இறுக்கி, இடப்பக்கத்தைக் கால் சுற்று தளர்த்துங்கள். டயர் பக்கமிருந்து பார்த்தால் வலச்சுற்று இறுக்கும்.

கேபிள் பிரேக் பழகியவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிக்காது, ஹப்பைப் பார்த்திருக்கும் உள்முகத்தில்தான் அழுத்தும். அதனால் இந்தச் சக்கரத்துக்குப் பக்கக் கோட்டத்தைவிட மேல்கீழ்த் துள்ளல்தான் பெரிய தொல்லை. துள்ளும் இடத்தில் இரண்டு பக்க ஸ்போக்ஸையும் சம அளவு இறுக்குங்கள். அமுங்கிய இடத்தில் இரண்டையும் தளர்த்துங்கள். 1 மி.மீ.க்குள் வந்தால் பிரேக் துடிப்பில்லாமல் பிடிக்கும்.

டயர் வாங்கும்போது '28 அங்குலம்' என்று மட்டும் கேட்காதீர்கள். 28 × 1½ டயரின் ரிம் விட்டம் 635 மி.மீ. இன்று அதிகம் கிடைக்கும் 700சி டயர் 622 மி.மீ. அதன் மீதும் சில சமயம் 28 என்றே அச்சிட்டிருக்கும், ஆனால் இந்த ரிம்மில் ஏறாது. டயரின் பக்கத்தில் 40-635 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரிம்களில் டயரைப் பற்றிப்பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லை, ஆகவே காற்றை 50, 55 பிஎஸ்ஐயோடு நிறுத்துங்கள்.

பிரேக்

எல்லா மூட்டும் தனித்தனியாக விரலால் அசைத்தால் தானே விழ வேண்டும். ஒரு மூட்டு மாட்டினாலும் கட்டை ரிம்மை விட்டுத் திரும்பாது. ஹேண்டிலின் அடியில் கம்பிகள் திரும்பும் சுழல்மூட்டும், பெடல் அச்சின் அருகே பின் பிரேக்கின் திசை மாறும் மூட்டும் மண் சேரும் இடங்கள். கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டால்தான் சரியாகும்.

கட்டை இரண்டும் ஒரே நேரத்தில், முழு முகமும் ரிம்மில் படும்படி வையுங்கள். விட்ட நிலையில் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி. கம்பிகளை இணைக்கும் கிளிப் போல்ட்டுகளை இறுக்கியபின், லீவரை முழுப் பலத்தோடு பத்துத் தடவை பிடித்துவிட்டு, கம்பி கிளிப்பில் வழுக்கியதா என்று பாருங்கள். கம்பி மீது பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தால் வழுக்கல் உடனே தெரியும். பத்து முறையும் தாங்கினால்தான் சாலைக்கு. மழையில் இரும்பு ரிம் மிகக் குறைவாகவே பிடிக்கும் என்பதை ஓட்டப்போகிறவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

செயின், கியர், சீட், விளக்கு

செயினின் ஒரு கண்ணி அரை அங்குலம். 24 கண்ணிகளை இழுத்துப் பிடித்து அளந்தால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். 12⅛ தாண்டினால் செயினை மாற்றுங்கள். பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலின் பற்களும் கொக்கியாக வளைந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையேல் புதுச் செயின் ஏறிக் குதிக்கும். மாட்டும்போது நடுவில் சுமார் 12 மி.மீ. தொய்வு. செயின் வீல் முழு வட்டமாக இருப்பதில்லை, எனவே பெடலை முழுதாகச் சுற்றி, மிக இறுகும் இடத்தில் இந்த அளவைப் பாருங்கள். பூட்டுக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையில் இருக்கட்டும்.

ஃப்ரீவீலைப் பிரிக்காதீர்கள், உள்ளே குண்டுமணிகள் ஏராளம். மண்ணெண்ணெயில் முக்கிச் சுற்றி, வடியவிட்டு, எண்ணெய் விட்டால் போதும். மூன்று கியர் ஹப்புக்கு ஒரு தேக்கரண்டி எஸ்ஏஇ 20 அல்லது 30 எண்ணெய். தாவர எண்ணெய் கலந்தது உள்ளே பிசினாகும். ஏடபிள்யூ ஹப்பில் லீவரை இரண்டாம் கியரில் வைத்து, வலப்பக்க நட்டின் துளை வழியே பாருங்கள். உள்ளே சங்கிலி தொங்கும் கம்பியின் தோள், அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். இது தவறினால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பெடல் திடீரென வெறுமையாகச் சுற்றி, எழுந்து மிதிப்பவரைக் கீழே தள்ளும்.

தோல் சீட்டை எண்ணெயில் ஊறவைக்காதீர்கள், தொய்ந்து தொட்டில் ஆகிவிடும். ஈரத்துணியால் துடைத்து, மெழுகு கலந்த தோல் பூச்சை மெல்லியதாக இரண்டு முறை, அவ்வளவே. முன்முனை நட்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் இறுக்கினால் ரிவிட் ஓட்டைகள் கிழியும்.

டைனமோ பொதுவாக 6 வோல்ட், 3 வாட். முன்விளக்கு 2.4 வாட், பின்விளக்கு 0.6 வாட். ஒரு பல்பு போனால் மின்சாரம் முழுக்க அடுத்ததற்குப் போய் அதுவும் எரிந்துவிடும், ஆகவே வாட் சரியாகப் பார்த்து வாங்குங்கள். மின்சாரம் திரும்பும் வழி பிரேம்தான். புதுப் பெயின்ட் அடித்த வண்டியில் விளக்கு எரியாததற்கு முதல் காரணம் கிளாம்ப் அடியில் பெயின்ட் தடுப்பது. அந்த இடத்தில் மட்டும் சுரண்டிவிடுங்கள்.

பூட்டுதல், ஓட்டிப் பார்த்தல், ஒப்படைத்தல்

காட்டர் பின் பழைய சைக்கிள்களில் பெரும்பாலும் 9.5 மி.மீ., சிலவற்றில் 9 மி.மீ. இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். வலது கிராங்க் முன்னால் நீண்டிருக்கும்போது அதன் நட்டு கீழே இருந்தால், அதே நேரத்தில் இடது கிராங்கின் நட்டு மேலே இருக்கட்டும். ஒரே திசையில் போட்டால் கிராங்குகள் நேர்க்கோட்டில் நிற்காது. பின்னை மறுபடியும் குழாய் முட்டோடு அடித்து உட்காரவைத்து, அதன் பிறகே நட்டை இறுக்குங்கள். நட்டால் இழுத்து உட்காரவைக்க முயன்றால் மரை உரியும். மரை போதிய நீளம் வெளியே வராவிட்டால் பின்னின் சாய்ந்த முகத்தை அரத்தால் ஒரே சமமாக, சிறுகச் சிறுகத் தேயுங்கள்.

முதலில் ஏறாமல் தள்ளிக்கொண்டு நடந்து, இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். பிறகு சமதரையில் மெதுவாக ஒரு சுற்று. முதல் 50 கிலோமீட்டருக்குள் காட்டர் பின் நட்டு, சக்கர நட்டு, ஸ்போக்ஸ், பிரேக் கிளிப் நான்கையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். புதிய காட்டர் பின் ஓட்டத்தில் அமுங்கி நிச்சயம் தளரும். தளர்ந்தபடியே ஓட்டினால் கிராங்கின் ஓட்டை நீள்வட்டமாகி, அப்புறம் எந்தப் பின்னும் நிற்காது.

வண்டியோடு சேர்த்து இரண்டு பொருள்களை உரியவரிடம் கொடுங்கள். ஒன்று, கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் சீட்டுக் கட்டிய பை. தேய்ந்த கோன்கூட அதில் இருக்கட்டும். பிற்காலத்தில் அளவு பார்க்க அதுவே ஆதாரம். இன்னொன்று, செய்த வேலைகளின் தாள். பிரேம் எண், மாற்றிய பாகமும் அளவும், பூசிய மெழுகு அல்லது எண்ணெயின் பெயர், எந்தெந்த இடத்தில் பெயின்ட் தொடப்பட்டது, முன்பின் படங்கள், தேதி. வைக்கும் இடம் காற்றோட்டமாகவும் வெயில் நேராக விழாததாகவும் இருக்கட்டும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் உள்ளே ஈரம் வியர்த்துத் துரு திரும்பும், பருத்தித் துணியால் மூடுவதே நல்லது. ஓட்டாமல் நிற்கும் வண்டியானால் மாதம் ஒருமுறை காற்றடித்துச் சக்கரத்தைச் சிறிது திருப்பி நிறுத்தச் சொல்லுங்கள்.